இருபத்துநான்கு சதுரங்கள்

திருக்கழுக்குன்றம்
4 பிப்ரவரி 2025

திருமதி சாருலதா ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு,

ஆறு வருடமாக ‘சாரு’ என்று கூப்பிட்டவள் இப்படி ஆரம்பிக்கிறாளே என்று பார்க்காதே. இன்றைக்கு எனக்கு இப்படித்தான் வருகிறது.

நீ என்னை நம் குரோஷா வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினாய். நான் உன் நம்பரை பிளாக் செய்தேன். அதனால் தபால். இன்னொரு காரணமும் உண்டு. நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு, யோசித்துப் பார்த்து, எல்லோருக்குமாக அழித்துவிடுகிறவள். காகிதத்தில் எழுதினதை அப்படி அழிக்க முடியாது. எனக்குப் பதில் காகிதத்தில் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நெம்மேலியில் கல்யாணியின் குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். கல்யாணி நம் குழுவில் ஒருத்தி. அவளுக்குத் தெரியாமல் மீதி எட்டுப் பேரும் நான்கு மாதம் குரோஷா பின்னி வைத்திருந்த போர்வையை நீ எல்லோர் முன்னாலும் விரித்தாய். நூற்றெட்டுச் சதுரம். ஒவ்வொன்றின் நடுவிலும் சுழல் பூ. ஆளுக்குப் பன்னிரண்டு போட்டீர்கள். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி எனக்குக் கிடைக்கிறது என்பதால் நான் மட்டும் இருபத்துநான்கு போட்டேன்.

நான் இடது கைக்காரி. உங்கள் பூ ஒரு பக்கம் சுழன்றால் என் பூ மறுபக்கம் சுழலும். அது தப்பு இல்லை, கை அப்படி. போர்வை விரிந்ததும் நான் முதலில் தேடியது அதைத்தான். நூற்றெட்டும் ஒரே பக்கம் சுழன்றன.

“என்னோடது எங்க சாரு?” என்றேன். பாயசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, “அளவு ஒத்துவரல, பிரிச்சு நானே திருப்பிப் போட்டுட்டேன்” என்றாய். என்னவோ வெங்காயம் போதவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கினேன் என்பது போலச் சொன்னாய். அதன் பிறகு நான் கத்தினேன். குழந்தை அழுதது. அதற்கு மட்டும் வருத்தம்.

எப்போது பிரித்தாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஏன் பிரித்தாய்? மூன்றுக்கும் பதில் எழுது.

ஷாரோன்

*

அணுபுரம்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷாரோன்,

உன் கடிதம் வந்தபோது இவர் வீட்டில் இருந்தார். பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற சிநேகிதி எதற்காக ரிஜிஸ்தர் தபால் அனுப்புகிறாள் என்று கேட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். ஜனவரி இரண்டாவது வாரம் பிரித்தேன். பொங்கல் வேலையில் உன்னிடம் சொல்ல விட்டுப்போயிற்று. இணைக்க உட்கார்ந்தபோது உன் சதுரங்கள் மற்றவற்றோடு சேரவில்லை. ஓரம் இழுத்தது. போர்வை முழுவதும் ஒரு கை போட்டது போல இருக்க வேண்டும் என்பதுதானே நம் எண்ணம்? அதற்குத்தானே நான் கலர் சார்ட் எழுதி, லேமினேட் செய்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்? இருபத்துநான்கையும் பிரித்து, சுருண்டுபோன நூலைத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, மறுபடி போட எனக்கு நான்கு நாள் ஆயிற்று. கழுத்து வலி இன்னும் போகவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் விசேஷத்தில், ஐம்பது பேர் நடுவில், “நீ யாரு என் கைவேலையத் தொட?” என்று கேட்டாய். கல்யாணியின் மாமியார் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் குழுவில் உன் வாய்ஸ் மெசேஜ், ஏழு நிமிடம். அதிதி கேட்டுவிட்டு, “அம்மா, ஷாரோன் ஆன்ட்டியா இது?” என்றாள். வேறு வழியில்லாமல்தான் நீக்கினேன். குழுவை நடத்துகிறவளுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது.

ஒரு சதுரம் என்பது நூல்தான் ஷாரோன். பிரித்தால் மறுபடி நூல். இதற்காக ஆறு வருடத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல எல்லோரோடும் என் வீட்டில் உட்கார்ந்து பின்ன வா. நானும் எதுவும் பேசமாட்டேன்.

சாரு

*

திருக்கழுக்குன்றம்
12 பிப்ரவரி 2025

சாருலதாவுக்கு,

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் பதினாலு வருடமாகப் பாகங்களை அளக்கிறேன். தலைமுடி அளவு கூடினாலும் எடுத்துத் தனியே வைப்பேன். என்னிடம் வந்து ‘அளவு ஒத்துவரல’ என்கிறாய்.

ஒவ்வொரு சதுரமும் பன்னிரண்டு சென்டிமீட்டர். முடித்த உடனே அளந்து, கொஞ்சம் கூடினதைப் பஸ்ஸிலேயே பிரித்து மறுபடி போட்டேன். உன்னிடம் கொடுப்பதற்கு முன் இருபத்துநான்கையும் அடுக்கி போட்டோ எடுத்தேன். பக்கத்தில் ஸ்கேல் இருக்கிறது. பிரின்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்.

எங்கள் கம்பெனியில் ஒரு இரும்புத் துண்டைக் கழித்தால்கூட, ஏன் கழித்தோம் என்று சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன் மேல் கட்டித்தான் அனுப்புவோம். இரும்புக்குக் கொடுக்கிற மரியாதை அது. என் சதுரங்களுக்கு அதுகூட இல்லை.

நீ சொன்ன ‘நூல்தான்’ என்ற வார்த்தையை நான் மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். ஒன்றைச் சொல்கிறேன். இதை என் வீட்டுக்காரர் ஜெபக்குமாரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பில் டீச்சர் என் இடது மணிக்கட்டை ரிப்பனால் பெஞ்சில் கட்டி வைத்து, வலது கையில் பென்சிலைத் திணிப்பார். ஒரு வருடம் முழுக்க. அப்பா கேட்கப் போகவில்லை. படிக்க விட்டதே பெரிய விஷயம், அதில் போய்க் கேள்வி கேட்பதா என்று இருந்துவிட்டார். இன்றைக்கும் எழுதுவது, சாப்பிடுவது, கும்பிடுவது எல்லாம் வலது கை. இந்தக் கடிதமும்தான். அதனால்தான் என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது.

குரோஷா மட்டும் பெரியவளான பிறகு வந்தது. வீடியோவைப் பார்த்து நானே கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் யாரும் திருத்தவில்லை. ஊசி தானாக இடது கைக்குப் போயிற்று. ஜெபக்குமார், “பின்னும்போது நீ வேற ஆளு” என்பார். எனக்கென்று என் கை செய்தது இந்த ஒன்றுதான். நீ பிரித்தது அதை.

உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? என் எதிரே உட்கார்ந்துதானே கற்றாய்? நான் இடது கையால் போட, எதிரிலிருந்த உனக்குக் கண்ணாடியில் பார்ப்பது போல வலது கைக்கு அப்படியே வந்தது. “இவ்வளவு ஈஸியா எனக்கு யாருமே சொல்லித் தரல” என்றாய். கல்யாணிக்கும் அப்படித்தான், தையல் கடை ஆராயி அக்காவுக்கும் அப்படித்தான்.

அளவு பொய். உண்மையை எழுது. அது வராமல் சனிக்கிழமை கினிக்கிழமை என்று எழுதாதே.

ஷாரோன்

*

அணுபுரம்
17 பிப்ரவரி 2025

ஷாரோன்,

நீ இவ்வளவு தூரம் கேட்பதால் எழுதுகிறேன். எழுதாமல் விட்டதே உன் நல்லதுக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அளவு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். உன் பூ எதிர்ப்பக்கம் சுழல்கிறது. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படுகிறது. பார்ப்பவர்கள் ‘இது ஏன் இப்படி’ என்று கேட்பார்கள். கேட்டால் ‘இடது கையால் போட்டது’ என்று சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தை மேல் போர்த்துவது. கல்யாணியின் மாமியார் காசியம்மாள் மாதிரி ஆட்கள் அதையெல்லாம் எவ்வளவு பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். மீனவர் குப்பத்தில் சாமி, சகுனம் என்று ஆயிரம் இருக்கும். அந்த அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு மேல் என்னை விவரம் கேட்காதே.

உன்னைக் கூப்பிட்டு, ‘உன் இடது கை வேண்டாம் என்கிறார்கள்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? உனக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் சத்தமில்லாமல் முடித்தேன். அந்தப் பழியும் என் மேல், நான்கு நாள் வேலையும் என் மேல், இப்போது உன் கோபமும் என் மேல்.

ரிப்பன் கட்டின கதையைப் படித்து அழுதேன். அது தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேனோ என்னவோ.

போனதெல்லாம் போகட்டும். எனக்கும் கோபம் இருக்கிறது. இருந்தாலும் நான்தான் திரும்பத் திரும்ப வா என்கிறேன். அதைக் கவனி.

சாரு

*

திருக்கழுக்குன்றம்
24 பிப்ரவரி 2025

சாருலதாவுக்கு,

நேற்று நெம்மேலிக்குப் போனேன்.

மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் அந்த அம்மாளிடம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சண்டைக்குத்தான் போனேன். பொய் சொல்வானேன்.

காசியம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி சுத்தம் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “அன்னிக்கி கத்தினியே, நீதான? உள்ள வா, கொழந்த முழிச்சிக்கினுதான் கீது” என்றார். நான் உள்ளே போகாமல் நின்றபடியே கேட்டேன். இடது கையால் போட்டது குழந்தைக்கு ஆகாது என்று நீங்கள் சொன்னீர்களா என்று.

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்.

“இன்னாம்மா இது பேஜாரு? நான் எப்ப சொன்னேன்? யாரு போட்டாங்க, எந்தக் கையில போட்டாங்கன்னு எனக்கு எங்க தெரியும்? எட்டுப் பொம்பளைங்க ஒக்காந்து எங்க வூட்டுக் கொழந்தைக்கிப் பின்னிக் குடுத்தாங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு கீறேன். என் பேர எதுக்கு இதுல இஸ்த்தாங்க?”

சண்டை போடப் போனவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

கல்யாணி வெளியே வந்து இன்னொன்று சொன்னாள். “நீங்களே பிரிச்சிடச் சொன்னீங்கன்னு சாரு அக்கா முன்னாடியே மத்தவங்ககிட்ட சொல்லிட்டாங்களாமே, அதான் யாரும் கேக்கல.” சாரு, நான் சொன்னேனா? குழுவில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாய். அன்றைக்கு நான் கத்தியபோது எல்லோரும் என்னை ஏன் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார்கள் என்று இப்போது விளங்குகிறது. தானே பிரிக்கச் சொல்லிவிட்டுத் தானே வந்து கத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நீயும் நினைக்க விட்டாய்.

முதலில் அளவு மேல் பழி போட்டாய். பிறகு மீன் விற்கிற ஒரு அம்மாள் மேல். அவருக்கு ஒன்றும் தெரியாது, சகுனம் பார்ப்பார், அவர் மேல் போட்டால் யாரும் போய்க் கேட்க மாட்டார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. ‘மாதிரி ஆட்கள்.’ அந்த வார்த்தையை எழுதும்போது உன் கை நிற்கவில்லையா? நானும் அந்த மாதிரி ஆட்கள் வீட்டிலிருந்துதான் வந்தேன். என் அம்மா செல்லம்மா ஊரார் வயலில் நாற்று நட்டவள்.

அதனால் இதையும் கேட்டுவிடுகிறேன். இடது கை என்பது மட்டும்தானா? இல்லை, யாருடைய இடது கை என்பதும் இருந்ததா? இதை எழுத எனக்கே கூசுகிறது. உன் வீட்டில் நான் உட்காராத இடம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் இனி நீ சொல்லாததை நானாக நல்லபடியாக நினைத்துக்கொள்ளப் போவதில்லை.

காசியம்மாளிடம் உனக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது உன் வேலை. குழுவில் உண்மையைச் சொல்வதும் உன் வேலை. எல்லோர் முன்னாலும், வாயால் சொல்ல வேண்டும். சொல்லும் வரை எனக்கு எழுதாதே.

ஷாரோன்

*

அணுபுரம்
17 மார்ச் 2025

ஷாரோன்,

மூன்று வாரம் எழுதவில்லை. நீ எழுதாதே என்றதால் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு இடத்தில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

யாரும் சொல்லவில்லை. காசியம்மாள் சொல்லவில்லை, கல்யாணி சொல்லவில்லை. நான்தான்.

கூடத்தில் தரையில் எல்லாவற்றையும் அடுக்கினேன். உன் பூக்கள் எதிராகத் திரும்பியிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ‘இது குழந்தைக்கு’ என்று மனதில் வந்தது. எங்கள் வீடு கோயில் வேலை பார்த்த வீடு. இடது கையால் ஒரு பூவை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார்கள், ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால் வாங்க மாட்டார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் முதல் சதுரத்தின் முடிச்சை அவிழ்க்கிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். அவிழ்த்த பிறகு நிறுத்தவில்லை. அளவு என்பதை அதற்குப் பின்னால்தான் கண்டுபிடித்தேன்.

நீ கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். ‘ஆறு வருடமாக நீ என் அடுக்களையில் சாப்பிடுகிறாய்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். அது பதில் இல்லை. வேறு மாதிரி யோசித்துப் பார்த்தேன். அதிதி இடது கைக்காரியாக இருந்து, அவள் போட்டதாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? அப்போதும் மனதில் உறுத்தியிருக்கும். ஆனால் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். கேட்காமல் ஒரு முடிச்சைக்கூட அவிழ்த்திருக்க மாட்டேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்கு என்னிடம் யோக்கியமான பதில் இல்லை. நீ பயந்த பதிலாகவே இருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

நேற்று முன்தினம் சனிக்கிழமை. எல்லோரும் வந்திருந்தார்கள். கல்யாணி குழந்தையோடு வந்திருந்தாள். சொன்னேன். ஷாரோன் பிரிக்கச் சொல்லவில்லை, காசியம்மாள் பேரை நானாக எடுத்தேன், எல்லாம் நான் செய்தது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

ஆராயி அக்கா ஊசியைக் கீழே வைத்தார். “அவ கையப் பாத்துதான நாங்க எல்லாம் கத்துக்கினோம்? அப்ப எங்களுது எதுக்கும்மா பிரிக்காம வுட்ட?” என்றார். அவர் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். காபி போட்டு வைத்திருந்தேன். யாரும் குடிக்கவில்லை.

நேற்று நெம்மேலி போய்க் காசியம்மாளிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டின திட்டை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அப்போது போர்வையைத் திருப்பிக் கேட்டேன். நான் போட்ட இருபத்துநான்கையும் எடுத்துவிடுகிறேன், ஷாரோன் மறுபடி போட்டுத் தந்தால் அந்த இடத்திலேயே வைத்து இணைக்கிறேன் என்றேன். “ஷாரோனக் கேளு” என்று சொல்லிவிட்டார். அதனால் கேட்கிறேன். போட்டுத் தருவாயா?

நீ என்னை பிளாக் செய்திருப்பதால், கல்யாணியிடம் சொல்லி உன்னைக் குழுவில் மறுபடி சேர்த்துவிட்டேன். அதில் இப்போது யாரும் பேசுவதில்லை.

சாரு

*

திருக்கழுக்குன்றம்
24 மார்ச் 2025

சாரு,

போர்வையைத் தொடாதே.

ஒன்றரை மாதமாக ஒரு குழந்தை அதில் படுத்துக் கிடக்கிறது. பால் கக்கியிருக்கும், மூத்திரம் போயிருக்கும், கல்யாணி துவைத்துக் கொடியில் போட்டிருப்பாள். அது இப்போது அந்தக் குழந்தையினுடையது. அதைப் போய்ப் பிடுங்கி, கத்தரி வைத்து, உன் மனசு ஆறுவதற்காக இன்னொரு முறை பிரிக்கப் பார்க்கிறாய். பிரித்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு உனக்கு இன்னும் போகவில்லை. நான் போட்டுத் தரமாட்டேன். என்னுடைய இருபத்துநான்கு போயிற்று. அந்த இடத்தில் இருப்பது உன்னுடையது. அப்படியே இருக்கட்டும். அந்தப் போர்வையை எங்கே பார்த்தாலும் எது எந்த இடம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அதிதியைப் பற்றி நீ எழுதினதை இரண்டு முறை படித்தேன். பொய் இல்லாமல் நீ எனக்கு எழுதின முதல் விஷயம் அதுதான். படித்துவிட்டு உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஜெபக்குமார் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு யோசி என்றார். சாப்பிட்ட பிறகும் அப்படித்தான் இருந்தது.

போன வாரம் ஆராயி அக்கா இங்கே வந்தார். இனி சனிக்கிழமை என் வீட்டில் உட்காரலாமா என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்களாம். சரி என்றேன். முந்தாநாள் வந்தார்கள். வீடு சின்னது; இரண்டு பேர் கட்டிலில், மற்றவர்கள் பாயில். நன்றாகத்தான் இருந்தது. கிளம்பும்போது கல்யாணிதான் கேட்டாள், சாரு அக்கா வரலாமா வேண்டாமா என்று. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? சொல்லியிருந்தால் ஒருத்தரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி முடிவெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த வேலையை நீ எனக்குச் செய்தாய். நான் உனக்குச் செய்யமாட்டேன்.

அதனால் கேட்கிறேன். சனிக்கிழமை நான்கு மணி. வருகிறாயா?

வந்தால் கதவைத் திறப்பேன், காபி தருவேன். உன்னோடு பேசமாட்டேன். என்றைக்குப் பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. பேசாமலேயே போனாலும் போகலாம். அது தெரிந்தும் வருவதானால் வா.

ஷாரோன்